துத்தம் போடாத பசை

என் தாய்மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் பசைவாளி. வனத்துறை அலுவலகத்தில் அவருடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அவருடைய அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. இருபத்தாறு வருடமாக அவர் செய்தது ஒரே வேலை. அலுவலகம் அச்சடித்துத் தரும் நோட்டீஸைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் வைத்து, கைப்பிடியில் வாளியை மாட்டிக்கொண்டு, காட்டோர ஊர்களுக்குப் போய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வருவார். மேய்ச்சல் தடை, விறகு பொறுக்கும் நேரம், தீ எச்சரிக்கை என்று எது வந்தாலும் ஒட்டுவார். படிக்க மாட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்றாலும் எழுத்துக்கூட்டத் தெரியும். கேட்டால், "ஒட்டுறவன் படிக்க ஆரம்பிச்சா வெயில் ஏறிடும் மாப்ளே" என்பார்.

பசை விஷயத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, ஒரே பக்கமாகக் கிண்டுவார். குச்சியைத் தூக்கினால் பசை நூலாக இறங்கக் கூடாது, நாடாவாக இறங்க வேண்டும். கடைசியில் இடித்த மயில்துத்தம் ஒரு சிட்டிகை. பசை இலேசாக நீலம் பூக்கும். துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, பூஞ்சை பிடிக்காது, முக்கியமாக ஆடு வாய் வைக்காது. மாவுப் பசை என்றால் ஆட்டுக்கு உயிர். ஒட்டிய காகிதத்தைப் பசைக்காகவே மூலையில் பிடித்துக் கிழித்துத் தின்றுவிடும். துத்தம் நாக்கில் பட்டால் பெரும்பாலும் முதல் கடியோடு போய்விடும்.

"நான் ஒட்டின காகிதத்தை உரிக்கணும்னா சுவரையும் சேர்த்துத்தான் உரிக்கணும்." இது அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம்.

இவ்வளவு விவரமாக நான் பசையைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தபோது, அவருடைய பென்ஷனும் எங்கள் ஊருக்கு மேலிருந்த காடும் அந்த வாளிக்குள்தான் கிடந்தன.

*

விறகுக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். மேட்டுக்காட்டு மரங்களில் நெஞ்சு உயரத்துக்குச் சிவப்புப் பெயின்டில் நம்பர். என் அம்மா பார்த்த மரத்தின் நம்பர் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அதற்கு மேலேயும் போனது என்றாள். எங்கள் ஊர் ஓடை அந்தச் சரிவிலிருந்துதான் இறங்குகிறது. மரம் போனால் ஓடை என்ன ஆகும் என்று சொல்ல ஒரு விஞ்ஞானியும் வேண்டியதில்லை.

பத்துப் பேர் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போனோம். ரேஞ்சர் நாற்காலி போடச் சொன்னார். அப்போதே எனக்கு உறுத்தியது. அந்த அலுவலகத்தில் எங்கள் ஆட்களுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

"இப்ப வந்து கேக்குறீங்களே. நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் சுவர்ல இருந்துச்சு. ஒருத்தரும் ஒரு வரி எழுதித் தரல. புது விதி தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. பழைய விதிப்படி, பொதுக்காட்டில் மரம் வெட்ட வேண்டுமென்றால் ஊர்க்கூட்டம் கூட்டி, ஊர் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு அதை மாற்றியிருந்தது. ஊரில் ஒரு பொது இடத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினால் போதும். அதற்குள் எழுத்துமூலமான எதிர்ப்பு வராவிட்டால் ஊர் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அதைச் சட்டமாக அச்சடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு முன்பு எங்கள் வீட்டுக்கு அரசிதழ் வந்ததெல்லாம் கடலைப் பொட்டலமாகத்தான். அந்த விதியை நான் மூன்று தடவை படித்துவிட்டு ஊருக்குப் படித்துக் காட்டினேன். உடனே ஊர் என்னை மனு எழுதும் ஆளாக்கிவிட்டது. நகரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். அந்த விதியே செல்லாது என்று வழக்குப் போட்டோம். தீர்ப்பு வரும்வரை ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் நகர மாட்டேன். மருந்து அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், செருப்புப் பெட்டி, எதையும் விட்டதில்லை. அந்த முப்பது நாளும் நான் ஊரில்தான் இருந்தேன். நோட்டீஸ் சுவரில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். நான் படிக்கவில்லை. ஆகவே அது சுவரில் இல்லை. ஆனால் ஒட்டியதாகவும் முப்பது நாள் இருந்ததாகவும் கையெழுத்துப் போட்டிருந்தவர் என் மாமா.

*

டீக்கடையில் பேச்சு தொடங்க ஒரு நாள்கூட ஆகவில்லை.

"பசைவாளி பசையோட நிறுத்திக்கல போல. கையும் நனைச்சிருக்கான்."

"பதினாலு மாசத்துல வீட்டுக்குப் போறவன். போறப்ப ஒரு வழி பண்ணிட்டுப் போவோம்னு நெனச்சிருப்பான்."

"மருமகன் கேஸ் போடுறான், மாமன் கையெழுத்துப் போடுறான். குடும்பமா சேர்ந்து நம்மள வெச்சு செய்யுறாங்க."

கடைசியாகப் பேசியவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். எனக்கு முகம் சுட்டது. மாமாவை விட்டுக் கொடுக்காமல் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

மாமாவின் நடவடிக்கையும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தது. வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர் வருவதை நிறுத்தினார். வழியில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிச் செயினைத் தடவுவார். நல்லாயிருக்கிற செயினை ஒரு மனிதன் எத்தனை நாள் தடவுவான்? ஒருநாள் ரேஞ்சரின் ஜீப் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அந்த ஜீப்பில் அவர் ஏறியது, ஒருமுறை அதைத் தள்ளிவிட்ட பிறகு மட்டும்தான்.

அரசு தரப்பு கோர்ட்டில் கொடுத்த காகிதங்களின் நகல் வக்கீலம்மாவிடம் வந்தது. அவர் மேசை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாமா கையெழுத்திட்ட அறிக்கைகள் இரண்டு. ஒன்று, இன்ன தேதியில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இன்னொன்று, முப்பது நாள் கழிந்த தேதியில், சேதமின்றி இருந்த அறிவிப்பு சுவரிலிருந்து அகற்றப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டது. முதல் தாளின் வலது ஓரத்தில் ஒரு அரைவட்டக் கறை. இரண்டாவது தாளின் இடது ஓரத்தில் இன்னொரு அரைவட்டம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். முழு வட்டம். டீ கிளாஸ் அளவு.

"மேடம், இதைப் பாருங்க. ரெண்டு தாளுக்கும் நடுவுல முப்பது நாள் இருக்கு. ஆனா ஒரே டீ குடிச்சிருக்காங்க. ஒரே நாள்ல எழுதியிருக்காங்க."

வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லா பாத்திருக்கீங்க. ஆனா ஃபைல்ல சேத்தப்புறம் யாரோ கிளாஸை வெச்சாங்கன்னு சொல்லிடுவாங்க. கையெழுத்துப் போட்ட ஆளே சொன்னாத்தான் நிக்கும். யாரு இந்த ஆளு?"

"எங்க மாமா மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மாமாவா? இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

அன்றிலிருந்து அவர் முக்கியமான காகிதங்களை என் முன்னால் விரிப்பதில்லை. சந்தேகம் ஒட்டுவாரொட்டி. நான் மாமா மேல் வைத்தது, என் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

*

அத்தைக்கு வேறு வகைச் சந்தேகம். ஒரு மதியம் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். மாமா வேலைக்குப் போயிருந்தார்.

"மருமகனே, உங்க மாமா இப்பல்லாம் சட்டையைத் துவைக்கக் குடுக்கிறதில்ல. பையைத் தடவிப் பாத்துட்டுத்தான் குடுக்குறார். கட்டிலுக்கு அடியில இருக்கிற தகரப்பெட்டிக்குப் பூட்டு வேற. இத்தன வருஷத்துல இந்த வீட்ல பூட்டுற மாதிரி என்ன இருந்துச்சு? எவளாவது லெட்டர் கிட்டர் எழுதுறாளான்னு பாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, அந்தத் தைரியம்."

"அத்தை, மாமா வயசு அம்பத்தெட்டு."

"அதான் சொல்றேன். புத்தி பெசகுற வயசு."

அவள் கொண்டை ஊசியை எடுத்தாள். பூட்டு சிறியது. அதைவிடச் சிறியது எங்கள் வெட்கம். பெட்டிக்குள் இருந்தவை இரண்டே பொருள்கள். முதலாவது, அலுவலக முத்திரையுள்ள மயில்துத்தப் பொட்டலங்கள், ஐந்து. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மாதத்துக்கு ஒரு பொட்டலம் கையெழுத்துப் போட்டு வாங்குகிற சரக்கு. இரண்டாவது, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நாலு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு. அதன் ஓரம் ரம்பத்தால் அறுத்ததுபோல் இருந்தது.

"படி, படி. யாரு அவ?"

படித்தேன். "...நாட்களுக்குள் எழுத்துமூலமான ஆட்சேபணை..." அதற்குக் கீழே பாதி வட்ட முத்திரை. மேட்டுக்காடு என்ற சொல்லில் 'மேட்டு' மட்டும் மிஞ்சியிருந்தது.

"இதுல பொண்ணு யாரும் இல்ல அத்தை."

அத்தை நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். எனக்குத்தான் மூச்சு நின்றது. அதே நேரம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மாமா உள்ளே வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தை கையிலிருந்த கொண்டை ஊசியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"டிகிரி படிச்சது பெட்டி ஒடைக்கத்தானா மாப்ளே?"

"மாமா, நோட்டீஸ் ஒட்டுனீங்களா இல்லையா?"

"ஒட்டுனேன். ஆட்டுப்பட்டிச் சுவர்ல."

"முப்பது நாள் இருந்துச்சா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ரெண்டு நாள் இருந்துச்சு. மூணாவது நாள் அந்தப் பக்கம் போனப்ப இந்தத் துண்டுதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆடு தின்னுடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை. "ஆடு தின்னுடுச்சா? வீட்டுப்பாடம் எழுதாத பய சொல்ற மாதிரி இருக்கு. உங்க பசையை ஆடு தொடாதுன்னு ஊருக்கே நீங்கதானே சொல்வீங்க?"

"துத்தம் போடல."

பிறகு விவரம் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஊர்க்கோடியில் பட்டி வைத்திருக்கும் ஆட்டுக்காரியின் சினையாடு ஒன்று அவர் ஒட்டிய மேய்ச்சல் தடை நோட்டீஸை முழுசாகத் தின்று செத்துப்போனது. கசப்பையும் மீறித் தின்கிற பசி அதற்கு. அவள் செத்த ஆட்டைக் கொண்டுவந்து இந்த வாசலில் போட்டு, வயிற்றுக்குள்ளே இருந்த குட்டிக்கும் சேர்த்து மாமாவைச் சபித்துவிட்டுப் போனாள். அன்றோடு துத்தம் போடுவதை மாமா விட்டார். பொட்டலங்களை அலுவலகத்தில் திருப்பித் தந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். அதனால் பெட்டிக்குள் பூட்டினார்.

"ஆமாம்ப்பா, அந்த ஆட்டை நானும் பாத்தேன்" என்றாள் அத்தை. அவளுடைய விசாரணை முடிந்துவிட்டதால் இப்போது புருஷன் பக்கம்.

"அப்புறம் எப்படி மாமா முப்பதாம் நாள் அறிக்கையில கையெழுத்து?"

"அது எங்க ஆபீஸ் வழக்கம். போற கையெழுத்தும் வர்ற கையெழுத்தும் ஒண்ணா வாங்கிடுவாங்க. முப்பது நாள் கழிச்சு ஆளு எங்க இருப்பானோன்னு. ஒட்டப் போறதுக்கு முன்னாடியே ரெண்டுலயும் போட்டுட்டேன். எல்லா நோட்டீஸுக்கும் அப்படித்தான். ஆடு தின்னதும் ஓடிப்போய் வேற காப்பி கேட்டேன். ரேஞ்சர், விடுப்பா, யாரு பாக்கப் போறான்னுட்டார். இப்ப ஜீப் அனுப்புறார். பொய்க் கையெழுத்துன்னு வெளிய வந்தா முதல்ல போறது என் பென்ஷன்தானாம். சொல்லிச் சொல்லிக் காட்டுறார்."

கேட்கும்போது எல்லாம் பொருந்தியது. வெளியே வந்து நடந்தபோதுதான் பொருந்தாதது ஒன்று நினைவுக்கு வந்தது. மாமா எப்போதும் நோட்டீஸ் ஒட்டுவது தண்ணீர்த் தொட்டிச் சுவரில். ஊரே குடத்தோடு நிற்கிற இடம். இந்த ஒன்றை மட்டும் ஆட்டுப்பட்டிச் சுவரில் ஏன் ஒட்டினார்?

நேராக ஆட்டுக்காரியிடம் போனேன். அவள் ஆட்டுக்கு லாடம் கட்ட வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க ஆடு நோட்டீஸைத் தின்னுச்சா?"

"என் ஆடா? என் ஆடு காகிதம் திங்காது."

"அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி காகிதம் தின்னுதானே ஒரு ஆடு செத்துச்சு?"

"அது செத்துப்போச்சே. இருக்கிறதெல்லாம் நல்ல ஆடு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அரசாங்கக் காகிதத்தைத் தின்னுச்சுன்னு ஆட்டைப் பிடிச்சிட்டுப் போக வந்திருக்கியா? உன் மாமன் அனுப்புனானா, உன் கோர்ட்டு அனுப்புச்சா?"

*

வழக்கு நாளில் பஸ் பிடித்து நாலு மணி நேரம் போனோம். வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர், "ஆடு கதையை நாமளா சொன்னா சிரிப்பாங்க. உங்க மாமா அவங்க பக்கம் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கார். அவர் வாய் எந்தப் பக்கம் திறக்கும்னு உங்களுக்கே தெரியாது இல்லையா?" என்றார். தெரியாது.

மாமா எதிர் வரிசையில் ரேஞ்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. யார் வாங்கித் தந்தது என்ற கேள்வி எங்கள் ஊர்க்காரர்களின் வரிசையில் காதுக்குக் காது போய், என் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவர் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அரசு வக்கீல் நன்றாகப் பேசினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஊர்க்கூட்டம் என்றால் நாலு பேர் கூச்சல் போடுகிறார்கள். மற்றவர்களின் கருத்து அமுங்கிவிடுகிறது. சுவரில் ஒட்டினால் எல்லாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். அதனால்தான் விதியை மாற்றினோம். இந்த ஊரில் நானூறு வீடுகள். முப்பது நாள் அறிவிப்பு கண்ணெதிரே இருந்தது. ஒரு வரி எதிர்ப்பு இல்லை. இதைவிடத் தெளிவான சம்மதம் வேறென்ன இருக்க முடியும்?" என்றார். எனக்கே ஒரு நிமிஷம் சரியென்று பட்டது.

வக்கீலம்மா எழுந்தார். "மக்கள் பார்த்தார்களா என்று இந்த விதி கேட்கவே இல்லை. காகிதம் ஒட்டினோம் என்று அலுவலகமே எழுதிக்கொண்டால் போதும் என்கிறது. காட்டை வெட்ட நினைப்பதும், ஊர் சம்மதித்தது என்று எழுதுவதும் ஒரே அலுவலகம்" என்றார்.

நீதிபதி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் மடிப்புகூடக் கலையாத நோட்டீஸ் ஒன்று இருந்தது. சுவரிலிருந்து அகற்றிக் கோப்பில் சேர்த்ததாகச் சொல்லப்பட்ட நோட்டீஸ் அதுதான்.

"ஒட்டிய ஊழியர் வந்திருக்கிறாரா?"

மாமா எழுந்தார். அவரை முன்னால் வரச் சொன்னார்கள். அலுவலர் ஒருவர் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்கள் ஒட்டி, முப்பது நாள் கழித்து உரித்து எடுத்தது இதுதானா?" என்று நீதிபதி கேட்டார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். பதினான்கு மாதம் ஓடிவிடும். பென்ஷன் வரும். அத்தை அவருடைய சட்டையை நிம்மதியாகத் துவைப்பாள். ரேஞ்சர் தலையை லேசாக ஆட்டியதை நான் பார்த்தேன். ஆமாம் என்று மாமா சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மாமா காகிதத்தின் எழுத்துப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். ஓரத்தைக் கட்டைவிரலால் மடக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. பயத்தில் மாறியதாகத் தெரியவில்லை. மோசமான வேலையைத் தன் பெயரில் பார்த்துவிட்ட கொத்தனாரின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இது சுவரையே பாக்காத காகிதங்க ஐயா."

"என்ன சொல்கிறீர்கள்?"

"இதுல பசை ஏறவே இல்லீங்க. பசை பட்டுக் காஞ்சா காகிதம் வெறைக்கும், ஓரம் சுருளும், முதுகுல சுண்ணாம்பு வரும். அதுக்கும் மேல, நான் ஒட்டினது முழுசா உரிஞ்சு வராதுங்க. இருபத்தாறு வருஷத்துல ஒண்ணு வந்ததில்ல. நான் ஒட்டி இப்படி வந்துச்சுன்னு எழுதினா, எனக்கு ஒட்டத் தெரியாதுன்னு அர்த்தங்க."

ரேஞ்சர் இருமினார். அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

"அப்படியானால் நீங்கள் ஒட்டிய காகிதம் எங்கே?"

மாமா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "என்கிட்ட இருக்கிறது இவ்ளோதாங்க. மீதி ஆட்டு வயித்துல." பிறகு துத்தம், செத்த ஆடு, போற கையெழுத்து, வர்ற கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒருமுறை, "பொய்க் கையெழுத்துதாங்க. நான்தான் போட்டேன்" என்றார். அதைக் கேட்டு வக்கீலம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மேட்டுக்காட்டில் ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று அன்று மாலையே உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை அந்தப் புது விதியை எங்கள் காட்டில் பயன்படுத்தக் கூடாது. ஊர்க்கூட்டம் கூட்டி மக்களை நேரில் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், வீடு வீடாக வாயாலும் சொல்ல வேண்டும். உத்தரவில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: "சுவரிடம் கேட்டுவிட்டு ஊரிடம் கேட்டதாக எழுதுவதை இந்த விதி அனுமதிக்கிறது." அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது.

மாமா மறுவாரமே சஸ்பெண்ட் ஆனார். பென்ஷன் கிடைக்குமா என்பது விசாரணை முடிந்தால்தான் தெரியும்.

*

ஊர் அவரைத் தோளில் தூக்கிவிடவில்லை.

"காகிதத்தைப் பையிலேயே வெச்சிருந்தானே, கவனிச்சியா? எந்தப் பக்கம் காத்தடிக்குதுன்னு பாத்துட்டு எடுத்திருக்கான்."

"ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிருப்பான். இல்லேன்னா எவனாவது பென்ஷனை விடுவானா?"

டீக்கடையில் இப்போதும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் அங்கே டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

கூட்ட அறிவிப்பை ஒட்ட அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்தார். மாமாவின் வயதுக்கு அருகில் இருக்கும், டிரைவராக இருந்தவராம். கையில் வாளி இல்லை, கடையில் வாங்கிய டப்பா. ஆட்டுப்பட்டிச் சுவருக்கே போனார். ஒட்டிய இடத்திலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஒட்டுவதைப் பார்த்தார். அந்த ஆள் மேலிருந்து தடவாமல் நடுவிலிருந்து தடவினார். மாமா பல்லைக் கடித்தார்.

"துத்தம் போட்டீங்களா?"

"இது கம்பெனி பசைங்க. ஆடெல்லாம் திங்காது."

"ஆட்டைக் கேட்டீங்களா?"

அந்த ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா வீட்டுக்குப் போய்த் தன் வாளியைக் கொண்டுவந்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு குச்சியோடு சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். ஆட்டுக்காரி பட்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என் ஆட்டைச் சந்தேகப்பட்டா காவல் உக்காந்திருக்க?"

"உன் ஆட்டை இல்லம்மா. உன் ஆடு நல்ல ஆடு. காகிதத்தைத்தான் நம்ப முடியல."

"எத்தன நாளு?"

"முப்பது."

"சம்பளம் யாரு குடுக்கிறா?"

"அதான் இப்ப யாரும் குடுக்கிறதில்லையே. அதனாலதான் உக்கார நேரம் இருக்கு."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நோட்டீஸைப் படித்தேன். பிழையில்லை. பிறகு பல நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன்.

"மாமா, போன தடவை தொட்டிச் சுவரை விட்டுட்டு இங்க ஏன் ஒட்டுனீங்க? ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த நோட்டீஸைப் படிச்சீங்களா? படிச்சுட்டு, ஆடு திங்கட்டும்னா?"

அவர் குச்சியால் தரையில் ஒரு கோடு போட்டார். "தொட்டிச் சுவருக்கு அப்பத்தான் வெள்ளை அடிச்சிருந்தாங்க மாப்ளே. ஈரச் சுண்ணாம்புல பசை பிடிக்காது."

தொட்டிக்கு எப்போது வெள்ளை அடித்தார்கள் என்று ஊரில் விசாரித்தேன். அந்த மாதம்தான் என்றார் ஒருவர். அதற்கு முந்தின வருடம் என்றார் இன்னொருவர். அம்மாவைக் கேட்டேன். "என் தம்பி சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் சின்ன வயசுல நல்லா படிப்பான்" என்றாள்.

இன்றோடு பத்தொன்பது நாள். அத்தை மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். போகும்போது சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். நானும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அந்தச் சுவர்ப் பக்கம் போய்வருகிறேன், காகிதம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க. மாமாவை நம்பாமல் இல்லை. சரி, நம்பாமல்தான். அவர் என்னைப் பார்த்ததும் குச்சியை உயர்த்திக் காட்டுவார். பத்தொன்பது நாளில் ஒருமுறைகூட நான் போனபோது அவர் அங்கே இல்லாமல் இருந்ததில்லை.